சொந்தமா, வாடகையா

தியாகராய நகர்
6 பிப்ரவரி 2025

ரூஹி அக்கா,

எழுதுவது கயல். மூன்று நாளாக உங்கள் போனுக்கு அடிக்கிறேன், அணைத்து வைத்திருப்பதாகவே சொல்கிறது. காஷிஃப் அண்ணனைப் பார்க்கலாம் என்று ரங்கநாதன் தெருவில் அவர் வேலை செய்யும் தையல் கடைக்கு வந்தேன். அவர் இன்று வரவில்லை. பக்கத்து மெஷினில் இருக்கும் ஷரஃபுதீன்தான் நீங்கள் பெருங்குடியில் இருப்பதாகச் சொன்னார். அவர் வீடும் அங்கேதானாம். எழுதிக் கொடுத்தால் உங்கள் கையில் சேர்ப்பதாகச் சொன்னதால் கடைப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பாலர் மையத்துக்குப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க ராஜா அண்ணாமலைபுரத்து முனை வரை நடந்து வந்தவள், அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் சந்து இல்லை. ஆறு தெரிந்தது. அந்த முனையிலிருந்து ஆறு தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உங்கள் வீட்டின் நீலச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. நாம் சேர்ந்து ஒட்டிய உயிரெழுத்துப் படம் அதில் அப்படியே இருந்தது.

டீக்கடை பீர் முஹம்மது பாய் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். சந்தை இடிக்க வந்த அதிகாரிகள் எல்லாக் குடும்பத்துக்கும் வேறு இடத்தில் வீட்டுக்கு டோக்கன் கொடுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள், உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை என்றார். “முப்பது வருசமா கீற குடும்பம்மா அது. எப்டி இல்லன்றான்?” என்று என்னையே கேட்டார்.

போன ஜூனில் நான் முதலில் வந்தபோது நீங்கள் உள்ளேகூட விடவில்லை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளைக் காலையில் இரண்டு மணி நேரம் அனுப்புங்கள், கதை சொல்லி எழுத்து பழக்குகிறோம் என்றதற்கு, “மூக்கு ஒழுகினு கீது. அத்த தொடைக்க மொதல்ல ஆள் அனுப்பு” என்றீர்கள். நாலாவது தடவைதான் டீ கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் பாதிப் பிள்ளைகளை நீங்களே சேர்த்துவிட்டீர்கள். உங்களையா விட்டுவிட்டார்கள்? எதனால் விட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் அலுவலகம் மூலமாக ஏதாவது செய்யப் பார்ப்பேன். சிம்ரா எப்படி இருக்கிறாள்?

கயல்


பெருங்குடி
11 பிப்ரவரி

கயல்,

எதனால் விட்டார்கள் என்று கேட்கிறாய். நீ நிரப்பின படிவத்தால் விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பீர் பாய் கடை முன்னால் மேசை போட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். பெயர் வந்தவர்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு சாமான் ஏற்ற ஓடினார்கள். நாங்கள் கடைசிப் பெயர் வரைக்கும் நின்றோம். காஷிஃப் போய்க் கேட்டார். அந்த அதிகாரி ஒரு கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அது உன் மையத்துப் படிவம். பிள்ளை பெயர் சிம்ரா. அப்பா பெயர் காஷிஃப். ஏழாவது வரியில், சொந்த வீடா, வாடகையா. அதற்கு எதிரே நீலப் பேனாவில் நீ எழுதின எழுத்து, வாடகை.

“வாடகைக்கு இருந்தவங்களுக்கு இதுல வீடு இல்லம்மா” என்று சாதாரணமாகச் சொன்னார். பஸ்ஸில் சீட் இல்லை என்பது போல.

எங்களிடம் இருக்கிற காகிதமெல்லாம் காஷிஃபின் அப்பா பெயரில் இருக்கிறது. கரண்ட் அட்டை, பழைய ரேஷன் கார்டு. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் பெயரில், நாங்களே சொல்லி எழுதினதாக இருந்த ஒரே காகிதம் உன்னுடையதுதான். பிள்ளையின் படிப்புக்கு என்று வாங்கிப்போன தாள் அந்த மேசைக்கு எப்படிப் போனது? அதை மட்டும் சொல்.

அங்கே என்னையும் கேள்வி கேட்டார்கள். பதில் சொன்னேன். அதை இப்போது எழுத மனமில்லை.

சாமானை எடுக்க அரை மணி நேரம் கிடைத்தது. என் போன் இடிபாட்டோடு போய்விட்டது. இப்போது காஷிஃபின் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிறோம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் சோற்றில் ஏறுகிறது. சிம்ரா தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான் எதுவும் சொல்லாமல் பையைக் கழற்றி வைக்கிறேன்.

இந்தக் கடிதங்கள் காஷிஃபுக்குத் தெரிய வேண்டாம். ஷரஃபுதீனிடமும் சொல்லியிருக்கிறேன்.

ரூஹி


மந்தைவெளி
19 பிப்ரவரி

ரூஹி அக்கா,

உங்கள் கடிதத்தைப் பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். என் பஸ் இரண்டு போனது. ஏறத் தோன்றவில்லை.

நேராக அலுவலகத்துக்குப் போய் எங்கள் பொறுப்பாளர் சிதம்பரநாதன் சாரிடம் கேட்டேன். டிசம்பரில் உங்கள் சந்தில் வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டார்களாம். எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று தெரிந்தால் அங்கேயே புதிதாக ஒரு மையம் திறக்கலாமே என்று நினைத்து, முப்பது படிவங்களின் நகலையும் கொடுத்துவிட்டாராம். நல்லது செய்ததாகவே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தவர் வெகுநேரம் அதைத் திரும்பப் போடவில்லை.

வாடகை வீட்டுக்காரர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள், படிப்பு முதலில் விட்டுப்போவது அந்தப் பிள்ளைகளுக்குத்தான், அதனால் அவர்களுக்கு முதலிடம் என்று எங்களிடம் ஒரு விதி இருந்தது. அதற்காகத்தான் அந்த வரி. ஒரே ஓர் இடம் மீதி இருந்தது. “வாடகைன்னு போட்டுக்கட்டுமா அக்கா, சிம்ராவுக்கு உடனே கிடைச்சிடும்” என்று கேட்டேன். “போட்டுக்கோ, யாரு வந்து பாக்கப்போறான்” என்றீர்கள். சிம்ராவுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பிள்ளைகளைச் சேர்த்தால்தான் என் வேலை நிரந்தரம் ஆகும். சிம்ரா முப்பதாவது.

இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் ஓட்டினேன். நேற்று சார் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “அந்தப் படிவத்துல இருக்கிறது தன் கையெழுத்தே இல்லைன்னு அந்தம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்போ போட்டது யாரு?” என்றார்.

நீங்கள் முட்டியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டபோது, நழுவாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். சாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்லியிருக்கிறார்.

அக்கா, அப்படியா சொன்னீர்கள்?

கயல்


பெருங்குடி
23 பிப்ரவரி

கயல் மிஸ்,

ஆமாம். சொன்னேன்.

காஷிஃப் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் கொடுப்பார். நான் படித்துவிட்டு விரல் வைக்கிற இடத்தில் பெயரைப் போடுவார். “எங்க வூட்ல படிப்பெல்லாம் அவ பொறுப்பு” என்று கடையில் பெருமையாகச் சொல்வதை ஷரஃபுதீனும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சந்தே சுற்றி நின்றபோது அந்தத் தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, “இது உன் கையெழுத்தா, பாத்து சொல்லு” என்றார். கோபமே இல்லை. இருக்காது என்கிற நம்பிக்கையில் கேட்டார். என் வாய் தானாக இல்லை என்றது. அடுத்த நிமிடமே ஒருவர் அதை எழுதிக் கீழே கையெழுத்துக் கேட்டார். கொஞ்சம் கோணலாக, வேறு மாதிரி போட்டேன். என்னால் இப்படிச் செய்ய முடியும் என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

காஷிஃப் அடிக்கிற மனிதர் இல்லை. அடித்தால் ஒரு நாளில் ஆறிவிடும். இது ஆறாது.

ஒன்று கேட்கப்போகிறேன். வீடு கேட்டு எங்களுக்கு மனு எழுதித் தந்தவர் சொன்னார், அந்தப் படிவம் செல்லாது என்று ஆகிவிட்டால் மாமனாரின் பழைய காகிதங்களைப் பார்த்து வீடு கொடுப்பார்களாம். நான்தான் போட்டேன் என்று தெரிந்தால், வாடகை என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். கையெழுத்தை நீங்களே போட்டதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேறு வேலை கிடைக்கும். எங்களுக்கு வேறு வீடு கிடைக்காது.

கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ரூஹி


மந்தைவெளி
1 மார்ச்

ரூஹி அக்கா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். பெற்றோரின் கையெழுத்தை நானே போட்டேன் என்று ஒரே வரி. அதற்கு ஐந்து தாளைக் கிழித்தேன்.

கொடுத்த பிறகுதான் அது என்ன என்று எனக்குப் புரிந்தது. வேலை போகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இது போலீஸ் வரைக்கும் போகக்கூடிய விஷயம் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “நீ போடல, இல்ல?” என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி, வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் விசாரணை. உங்களையும் காஷிஃப் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொன்னதையே அங்கேயும் சொல்வேன். பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது, எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதின கடிதத்தில் என்னை நீ என்றீர்கள். உதவி கேட்ட கடிதத்தில் மிஸ், நீங்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது அக்கா. நீ என்றே எழுதியிருக்கலாம்.

கயல்


பெருங்குடி
14 மார்ச்

கயல்,

விசாரணையில் உன்னை முதலில் கேட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மறுபடி உள்ளே கூப்பிட்டு, நீ எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தபோது உனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. காஷிஃப் பக்கத்தில் இருந்ததால் நான் பேசவில்லை. இடையில் நடந்ததை எழுதுகிறேன்.

விசாரித்தது ஒரு அம்மா. நிதானமாகப் பேசினார். உன் தாளைப் படித்துவிட்டு, “இந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டாங்க. சும்மா ஒரு தடவை உங்க கையெழுத்தைப் போட்டுக் காட்டிடுங்க, முடிச்சிடலாம்” என்றார். அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். நாலைந்து நாளாக, சமைக்கிற நேரத்தில் பேப்பர் ஓரத்தில் அந்தக் கோணல் கையெழுத்தைப் பழகியிருந்தேன்.

பேனாவைக் கையில் வாங்கினேன். சிம்ரா காஷிஃபின் மடியில் இருந்தாள். படிவம் மேசையில் அவளுக்கு நேராகக் கிடந்தது. மையத்தில் தினமும் ஒரு அட்டை கொடுத்து அனுப்புவாயே, வீட்டில் கதை படித்துக் காட்டிவிட்டு அம்மா கையெழுத்துப் போட வேண்டும் என்று. ஏழு மாதமாக நான் போடும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் அவள். குனிந்து படிவத்தில் விரலை வைத்தாள். காஷிஃபின் காதருகே, ரகசியம் சொல்கிற மாதிரி, “அப்பா, இது அம்மி எழுதினது. ரூ, ஹி” என்றாள்.

அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கேட்டது எனக்கும் காஷிஃபுக்கும்தான்.

காஷிஃப் அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிள்ளையின் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் கோணலாகப் போட்டிருந்தால் அவர் அங்கே வாயைத் திறந்திருக்க மாட்டார், வீடும் அன்றே கிடைத்திருக்கும். நிச்சயமாகச் சொல்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கையெழுத்தைப் போட்டேன். “படிவத்தில் இருப்பதும் நான் போட்டதுதான். வாடகை என்று எழுத நான்தான் சரி என்றேன். என் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று செய்தேன். அந்தப் பெண் என் கையெழுத்தைப் போடவில்லை. நான் கேட்டதால் பொய்யாக எழுதிக் கொடுத்தாள்” என்றேன். இப்படி வரிசையாகச் சொன்னேனா என்று தெரியாது. பாதி அழுகையில் போனது.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். என்னையும் காஷிஃபையும் மாறி மாறிப் பார்த்தார். “இத்தனை பேரு பொய் சொல்லி ஒரு குழந்தையை வகுப்புல சேர்த்தீங்களா” என்று கேட்டார். திட்டவில்லை. அதிர்ந்துபோய்க் கேட்டார். அது சொந்த வீடுதானா என்று நேரில் விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீடு கிடைக்குமா என்று தெரியவில்லை. காஷிஃப் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

ரூஹி


மந்தைவெளி
22 மார்ச்

ரூஹி அக்கா,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிம்ரா விரலை வைத்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவரே வாங்கிப் படித்தார்.

ரூ, ஹி. எத்தனை நாள் மணலில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இதற்காகவா சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உடனே என் மேலேயே எனக்கு அசிங்கமாக இருந்தது.

என் வேலை போய்விட்டது. ஏழாவது வரியில் ஒரு பொய், பதில் கடிதத்தில் ஒரு பொய், இரண்டும் என் கையெழுத்தில் இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்றார் சார். அவர் சொன்னது சரிதான். மேலிடத்தில் கேட்டபோது படிவங்களைக் கொடுத்தது தன் தவறு என்று அவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். டோக்கன் என்ற சொல்லைக் கேட்டாலே முதல் இரண்டு நாள் உங்கள் சந்துதான் நினைவுக்கு வந்தது.

விசாரிக்க வருகிறவர்களிடம் சாட்சி சொல்ல பீர் பாய் தயாராக இருக்கிறார். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டு விஷயம் என்ன ஆனாலும் ஒரு வரி எழுதுங்கள்.

கயல்


பெரும்பாக்கம்
15 ஜூன்

கயல்,

மேலே ஊர் பெயரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். வீடு கிடைத்துவிட்டது. நாலாவது மாடி. பீர் பாயும் பழைய சந்துக்காரர்கள் ஒன்பது பேரும் வந்து சாட்சி சொன்னார்கள். நீ வந்து சொன்னதும் அந்த அம்மா எழுதின அறிக்கையில் இருக்கிறது. நானே படித்தேன்.

காஷிஃப் இருபது நாள் என்னிடம் பேசவில்லை. இருபத்தோராம் நாள் கடையிலிருந்து வந்தவர், உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வந்து படி என்றார். ஷரஃபுதீன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. படித்தேன். நான் உனக்கு எழுதினதை நினைவிலிருந்து சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, “வூடு போனது கூட பரவால்ல. என் பக்கத்து மிசின்காரன் கையில லெட்டர் போய்க்கினு வந்துகினு கீது. எனக்கு மட்டும் தெரியல” என்றார்.

இப்போதெல்லாம் ஏதாவது தாள் வந்தால் முதலில் ஷரஃபுதீனிடம் காட்டுகிறார். அப்புறம்தான் எனக்கு. வீட்டு ஒதுக்கீட்டுத் தாளும் அப்படித்தான் வந்தது. என் முன்னால் வைத்து, “நீயும் ஒரு வாட்டி படி” என்றார். முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் சத்தமாகப் படித்தேன். சரி என்று தலையாட்டினார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

உன் வேலை எங்களால் போனது. எங்கள் வீடு உன்னால் போகப் பார்த்தது. இதில் யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவுதானே, வா. வந்து சாப்பிடு. காஷிஃபிடம் சொல்லிவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வந்தால் இன்னொன்றும் பார்ப்பாய். எங்கள் பிளாக்கில் ஐந்து வயதுக்குக் கீழே பதினேழு பிள்ளைகள். தாய்மார்கள் விடியும்போதே வேலைக்கு நகரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் கிடக்கின்றன. நான் காலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன், சிம்ராவின் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எட்டு பேர் சரி என்றார்கள்.

இரண்டாவது மாடியில் தேவானை என்று ஒருத்தி. வீட்டு வேலைக்குப் போகிறவள். நான் வாயைத் திறந்ததுமே, “முன்னாடி இருந்த எடத்துலயும் இப்டித்தான் ஒருத்தி பேரு எழுதினு போனா” என்றாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வாசலிலேயே உட்கார்ந்து எங்களுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். படிவம், நான் பொய் சொன்னது, சிம்ரா விரல் வைத்தது எல்லாம். அதைச் சொல்லாமல் அவள் பிள்ளையைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற அவசரத்தில் இரண்டு மாடி ஏறி வந்தாள். பிள்ளைக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, இடுப்பில் வைத்திருந்தாள். இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“ஒண்ணும் எழுதிக்காத. சேத்துக்கோ” என்றாள்.

ரூஹி